பீக் வரல, வந்தாலும் நிக்கல: லெட், கேட்மியம் பார்க்கற எம்ஓஎஃப் எலக்ட்ரோடுல கோளாறு வந்தா எங்கிருந்து தேடறது

தண்ணில லெட் (ஈயம்), கேட்மியம் பார்க்க எம்ஓஎஃப் (மெட்டலும், அத இணைக்கற லிங்கர்ன்ற ஆர்கானிக் மூலக்கூறும் சேர்ந்த நுண்துளைப் பொருள்) பூசின எலக்ட்ரோடு போட ஆரம்பிக்கற எல்லாருக்கும் வர்ற கோளாறு ஒரு ஏழெட்டு தான், அதுவே தான் திரும்பத் திரும்ப வருது, ஜூனியர்ஸ் ஒவ்வொருத்தரா வந்து கேக்கும்போது அதே பதிலத் தான் சொல்லிட்டு இருக்கேன், அதனால ஒரே இடத்துல எழுதி வச்சிடறேன். எம்ஓஎஃப்னா என்ன, அந்த நுண்துளை எப்படி வருது, 2025 கெமிஸ்ட்ரி நோபல் கிடகாவா, ராப்சன், யாகி மூணு பேருக்கும் எதுக்குக் குடுத்தாங்க, அதெல்லாம் இதுல வராது. உங்க முன்னாடி எலக்ட்ரோடு இருக்கு, ஸ்கிரீன்ல வர வேண்டியது வரல, அடுத்து எதுல கை வைக்கணும், அவ்வளவு தான்.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். ரீடிங் சரியில்லன்னா உடனே "மெட்டீரியல் போச்சு, புது பேட்ச் போடறேன்"னு கிளம்பிடாதீங்க. புது பேட்ச்னா 120 டிகிரி ஓவன்ல ஒரு நாள், கழுவி மெத்தனால்ல ஊற வைக்க ரெண்டு மூணு நாள், வேக்கம்ல காய வைக்கணும், அப்பறம் எக்ஸ்ஆர்டி (படிக அமைப்பு சரியான்னு எக்ஸ்ரேல பார்க்கறது) க்யூல நிக்கணும், ஒரு வாரம் பத்து நாள் சுலபமா ஓடிடும். கோளாறு பெரும்பாலும் தண்ணி, பஃபர், ரெஃபரன்ஸ், வயர் இதுலயே தான் உட்கார்ந்திருக்கும். அஞ்சு நிமிஷத்துல பார்க்க முடியறத முதல்ல பாருங்க, காசும் நாளும் தின்றத கடைசியா வைங்க.

நான் எந்த செட்டப்ப மனசுல வச்சு எழுதறேன்னா, 3 மில்லிமீட்டர் கிளாஸி கார்பன் எலக்ட்ரோடு, அதுக்கு மேல யூஐஓ-66-என்எச்2 (அமினோ குரூப் இருக்கற ஜிர்கோனியம் எம்ஓஎஃப்) கார்பன் பிளாக்கோட கலந்து, ஒட்ட வைக்க நாஃபியான் பாலிமர் போட்டு டிராப் காஸ்ட் பண்ணது (சொட்டு விட்டுக் காய வச்சது), 0.1 மோலார் அசிடேட் பஃபர் பிஎச் 4.5ல இருந்து 5க்குள்ள, சில்வர் - சில்வர் குளோரைடு ரெஃபரன்ஸ், பிளாட்டினம் வயர் கவுன்டர். மைனஸ் 1.2 வோல்ட்ல ஸ்டிர் பண்ணிட்டே 120ல இருந்து 300 செகண்ட் டெபாசிட், அப்பறம் ஸ்டிர்ரர நிறுத்தி கொஞ்சம் அமைதியா விட்டு ஸ்கொயர் வேவ் ஸ்ட்ரிப்பிங், அதாவது எலக்ட்ரோடுல படிஞ்ச மெட்டல வோல்டேஜ் ஏத்தித் திரும்பக் கரைக்கறது, கரையும்போது வர்ற கரன்ட் தான் பீக். இதுல கேட்மியம் மைனஸ் 0.8 பக்கம், லெட் மைனஸ் 0.55 பக்கம், காப்பர் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழ வரணும். ஜிங்க் இருந்தா மைனஸ் 1.1 பக்கம் தலை காட்டும். வேற எம்ஓஎஃப் வச்சிருந்தாலும் முக்காவாசி இதே வரிசை செல்லும், மாறுற இடத்துல சொல்றேன்.

அறிகுறி 1: பீக்கே இல்ல, கோடு மட்டும் ஓடுது

கரன்ட் சுத்தமா பூஜ்யமா, இல்ல பேஸ்லைன் இருக்கு பீக் மட்டும் இல்லயான்னு முதல்ல பிரிச்சுப் பாருங்க. ரெண்டும் வேற வேற வழி.

*கரன்டே இல்லன்னா*

க்ளிப்ப கழட்டி மாட்டுங்க. அலிகேட்டர் க்ளிப்போட பல்லுல பச்சையா துரு இருக்கான்னு பாருங்க, அசிடிக் ஆசிட் ஆவி படற இடத்துல இது ரொம்ப சகஜம், உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சா போயிடும். ரெஃபரன்ஸ் எலக்ட்ரோட தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு நுனில காத்துக் குமிழி நிக்குதான்னு பாருங்க, நின்னா தர்மாமீட்டர் உதறற மாதிரி உதறுங்க. மூணு எலக்ட்ரோடும் சொல்யூஷன்ல முங்கி இருக்கான்னு பாருங்க, வால்யூம் 10 மில்லில இருந்து 5 மில்லிக்கு மாத்தினப்ப கவுன்டர் வயர் காத்துல தொங்கறத பார்த்திருக்கேன்.

அப்பவும் இல்லன்னா 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒண்ண எடுத்துக்கங்க, எலக்ட்ரானிக்ஸ் கடைல சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ஒரு முனைல வொர்க்கிங் கேபிள், மறு முனைல ரெஃபரன்ஸ், கவுன்டர் ரெண்டையும் சேர்த்து மாட்டி ஒரு சிவி (சைக்ளிக் வோல்டமெட்ரி, வோல்டேஜ ஏத்தி இறக்கி கரன்ட் பார்க்கறது) ஓட்டுங்க. 0.5 வோல்ட்ல 50 மைக்ரோஆம்பியர், 1 வோல்ட்ல 100 மைக்ரோஆம்பியர், நேர் கோடு. அது வந்துட்டா மெஷின், கேபிள் எல்லாம் நல்லா இருக்கு, கோளாறு செல்லுக்குள்ள. வரலன்னா கேபிள மாத்திப் பாருங்க, அதுக்கும் வரலன்னா சர்வீஸ் இன்ஜினியரக் கூப்பிடுங்க, பொடென்ஷியோஸ்டாட்டோட (அந்த மெஷினோட) மூடியத் திறக்கற வேலை நமக்கு வேண்டாம், வாரன்டியும் போகும்.

*பேஸ்லைன் இருக்கு, பீக் இல்லன்னா*

ஸ்டிர்ரர் சுத்துதா? சிரிப்பா இருந்தாலும் இதப் பாருங்க, மேக்னெட் ஓரத்துல ஒட்டிட்டு நின்னா டெபாசிஷன் படு மோசமா குறையும். அடுத்து ஸ்டாண்டர்ட். நானோமோலார் அளவுல டைல்யூட் பண்ண லெட் சொல்யூஷன நியூட்ரல் தண்ணில, கண்ணாடி பாட்டில்ல போட்டு நாள் கணக்கா வச்சிருந்தீங்கன்னா அதுல இருந்த லெட் பாதி கண்ணாடிச் சுவர்ல ஒட்டிட்டிருக்கும். டைல்யூட் ஸ்டாண்டர்ட அன்னன்னிக்குத் தயார் பண்ணுங்க, கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் சேர்த்து பாலிப்ரோப்பிலீன் டியூப்ல வைங்க.

அதுவும் சரின்னா எலக்ட்ரோடு. மேல இருக்கறத துடைச்சுட்டு 0.3, அப்பறம் 0.05 மைக்ரான் அலுமினால எட்டு போடற மாதிரி பாலிஷ் பண்ணி, எத்தனால்லயும் தண்ணிலயும் சோனிகேட் பண்ணி, வெறும் எலக்ட்ரோட 5 மில்லிமோலார் ஃபெரி-ஃபெரோசயனைடுல, 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்து சிவி ஓட்டுங்க. ரெண்டு பீக்குக்கும் நடுவுல 59 மில்லிவோல்ட் தான் கணக்கு, 70, 80க்குள்ள வந்தா திருப்தியா மேல போகலாம். 120, 150னு வந்தா பாலிஷ் பத்தல, திரும்பப் பண்ணுங்க. இதத் தாண்டாம மேல எம்ஓஎஃப் பூசறதுல அர்த்தமே இல்ல.

வெறும் எலக்ட்ரோடு நல்லா இருந்து, பூசினதும் செத்துப் போகுதுன்னா லேயர் தடிமன் ஆயிடுச்சு. யூஐஓ குடும்பம் கரன்ட் கடத்தாது, அத மறக்கக் கூடாது. ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் சஸ்பென்ஷன்ல 5 மைக்ரோலிட்டர் போதும், அதுக்கு மேல கொட்டினா கூடுதல் சிக்னல் வராது, சுவர் தான் எழும்பும். கார்பன் பிளாக்கோ சிஎன்டியோ (கார்பன் நானோட்யூப்) சேர்க்காம போட்டிருந்தா சேருங்க. நாஃபியான் 5 சதவீத பாட்டில்ல இருந்து நேரா எடுத்து ஊத்தறவங்க இருக்காங்க, அத பத்து மடங்காவது டைல்யூட் பண்ணிட்டு எடுங்க.

அறிகுறி 2: பீக் வருது, ஆனா வேற இடத்துல வருது

லெட்டும் கேட்மியமும் சேர்ந்து ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளிப் போயிருந்தா அது ரெஃபரன்ஸ், வேற யோசிக்கவே வேண்டாம். நல்ல ரெஃபரன்ஸ் இன்னொண்ண எடுத்து ரெண்டையும் ஒரே பொட்டாசியம் குளோரைடு சொல்யூஷன்ல வச்சு மல்டிமீட்டர்ல வித்தியாசம் பாருங்க. அஞ்சு மில்லிவோல்ட்குள்ள இருந்தா நல்லது, பத்துக்கு மேல போனா உள்ள இருக்கற சொல்யூஷன மாத்துங்க, அப்பவும் சரியாகலன்னா ஃப்ரிட் (நுனில இருக்கற நுண்துளை மூடி) அடைச்சிருக்கு, புதுசு வாங்குங்க. கேலமல் எலக்ட்ரோடோட ஒப்பிட்டீங்கன்னா 30ல இருந்து 45 மில்லிவோல்ட் இயல்பாவே வரும், அது கோளாறு இல்ல.

ஸ்கிரீன் பிரின்டட் எலக்ட்ரோடு வச்சிருக்கறவங்களுக்கு இன்னொண்ணு. அதுல இருக்கற சில்வர் கோடு தான் ரெஃபரன்ஸ், அதோட பொடென்ஷியல் தண்ணில இருக்கற குளோரைடப் பொறுத்து நகரும், குளோரைடு பத்து மடங்கு மாறினா 59 மில்லிவோல்ட் நகர்வு. கடலோரத்து போர் தண்ணிய ஊத்தினதும் பீக் நகர்ந்தா பயப்படாதீங்க, எல்லா சேம்பிளுக்கும் ஸ்டாண்டர்டுக்கும் ஒரே அளவு பொட்டாசியம் குளோரைடு கூடுதலா போட்டுடுங்க, அந்தக் குளோரைடுக்கு முன்னாடி சேம்பிள்ல இருக்கற வித்தியாசம் பெருசா தெரியாது.

ஒரு பீக் மட்டும் நகருது, இன்னொண்ணு அப்படியே நிக்குதுன்னா பிஎச் பாருங்க, அப்பறம் காப்பர் வந்துடுச்சான்னு பாருங்க.

அறிகுறி 3: லெட்டே போடல, பிளாங்க்ல லெட் பீக் வருது

இதத் தான் கொஞ்சம் நிதானமா படிக்கணும், இங்க தான் நிறைய பேர் மாசக்கணக்குல மாட்டிக்கறாங்க.

முதல் செக், டெபாசிஷன் நேரத்த பூஜ்யமா வச்சு ஒரு ஸ்கேன். பீக் அப்பவும் அதே உயரத்துல நின்னா அது சொல்யூஷன்ல இருந்து சேர்ந்தது இல்ல, எலக்ட்ரோடுல ஏற்கெனவே ஒட்டிட்டு இருக்கறது. முந்தின ரன்ல சேர்ந்த லெட் துளைக்குள்ள தங்கியிருக்கும், பிளஸ் 0.3 வோல்ட்ல ஒரு நிமிஷம் ஸ்டிர் பண்ணிட்டே க்ளீன் பண்ணுங்க, வேற புது பஃபர்ல. எலக்ட்ரோட மாத்தாம மைக்ரோமோலார் சொல்யூஷன் ஓட்டிட்டு அடுத்து நானோமோலார் ஓட்டறது வேண்டவே வேண்டாம், எப்பவும் கம்மில இருந்து அதிகத்துக்குப் போங்க.

பூஜ்யம் செகண்ட்ல பீக் இல்ல, 120ல கொஞ்சம், 240ல ரெட்டிப்புன்னு வளர்ந்தா லெட் நிஜமாவே உங்க சொல்யூஷன்ல இருக்கு. எங்கிருந்து வந்துச்சுன்னு தேடணும்.

சோடியம் அசிடேட் பாட்டில கையில எடுத்து லேபிள்ல ஹெவி மெட்டல்ஸ் வரியப் படிங்க. 0.001 சதவீதம்னு போட்டிருந்தா பார்க்க ரொம்ப சுத்தமான மாதிரி தெரியும். கணக்கு போடுங்க. 0.1 மோலார் பஃபர், பிஎச் 4.76ல பாதி ஆசிட் பாதி உப்பு, அப்ப லிட்டருக்கு 4.1 கிராம் சோடியம் அசிடேட். அதுல 0.001 சதவீதம்னா 41 மைக்ரோகிராம். குடிநீர்ல லெட்டுக்கு இந்தியத் தர அளவு ஐஎஸ் 10500 படி லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தான். அதாவது லேபிள் அனுமதிக்கற உச்ச அளவு உங்க பஃபர்ல இருந்தா, சேம்பிள் போடறதுக்கு முன்னாடியே குடிநீர் வரம்பப் போல நாலு மடங்கு ஆயிடுது. நிஜ பாட்டில்ல அவ்வளவு இருக்காது தான், அந்த நம்பர் மேல் வரம்பு, ஆனா அதுல பத்துல ஒரு பங்கு இருந்தாலே உங்க பிளாங்க் கெட்டுச்சு. ட்ரேஸ் மெட்டல் கிரேடு உப்பும் ஆசிடும் விலை கூட தான், ஆனா ஒரு சின்ன பாட்டில் வாங்கினா ரொம்ப நாள் வரும், இதுல சிக்கனம் பண்ணாதீங்கன்னு கைடுகிட்ட கேட்டு வாங்குங்க.

காசு செலவில்லாத வழியும் இருக்கு. பஃபர மட்டும் ஒரு பெரிய கார்பன் எலக்ட்ரோட வச்சு மைனஸ் 1.2 வோல்ட்ல ராத்திரி முழுக்க எலக்ட்ரோலிசிஸ் பண்ணி விட்டா இருக்கற மெட்டல்ல நிறைய அதுல ஏறிடும். காலைல வோல்டேஜ் இருக்கும்போதே எலக்ட்ரோட வெளில எடுக்கணும், நிறுத்திட்டு எடுத்தா எல்லாம் திரும்பக் கரைஞ்சுடும்.

அடுத்து தண்ணி. 18.2 மெகாஓம் காட்டுதான்னு பாருங்க, காலைல முதல்ல வர்ற தண்ணிய கொஞ்சம் கொட்டிட்டுப் பிடிங்க. பாத்திரம் எல்லாம் 10 சதவீத நைட்ரிக் ஆசிட்ல ராத்திரி ஊறணும். கண்ணாடிய தவிர்த்துடுங்க. பைபெட் டிப் மஞ்சள், நீலம் எல்லாம் வேண்டாம், கலருக்குப் போடற பிக்மென்ட்ல மெட்டல் இருக்கலாம், வெள்ளை டிப் போதும். மைனஸ் 1.1ல ஜிங்க் பீக் மட்டும் வருதா? பவுடர் போட்ட க்ளவுஸ சந்தேகப்படுங்க. இல்ல உங்க எம்ஓஎஃப் ஜிஃப்-8ஆ? அப்ப அது தான் கரையுது, ஜிங்க்கும் இமிடசோலும் சேர்ந்த அந்த அமைப்பு ஆசிட்ல நிக்காது, பிஎச் 5 அசிடேட்ல அத எடுத்துட்டு வர்றதே தப்பு. அதே மாதிரி எச்கேயூஎஸ்டி-1 வச்சிருக்கறவங்களுக்கு காப்பர் பீக் வந்தா அது தண்ணில இருந்த காப்பர் இல்ல, உங்க எலக்ட்ரோடு கழண்டுட்டு இருக்கு. இந்த ரெண்டுக்கும் கழுவறது, க்ளீன் பண்றது உதவாது, மெட்டீரியல மாத்தறது தான் வழி.

அறிகுறி 4: முதல் ஸ்கேன் அருமை, போகப் போக பீக் குறையுது

ஸ்கேன் முடிஞ்சதும் எலக்ட்ரோட தூக்கி ஒரு தடவை தண்ணில அலசி மேல பாருங்க. வெள்ளையா மஞ்சளா ஓரம் உரிஞ்சிருக்கா, தண்ணில துணுக்கு மிதக்குதா? உரியறதுக்கு முக்கியமான காரணம் ரெண்டு. ஒண்ணு காயறதுக்கு முன்னாடி செல்லுக்குள்ள போட்டது, ரூம் டெம்பரேச்சர்ல முழுசா காய விடுங்க, ஹீட் கன் வேண்டாம். இன்னொண்ணு மைனஸ் 1.2ல ஹைட்ரஜன் குமிழி வர்றது, குமிழி அடில இருந்து ஃபிலிம தூக்கி விட்டுடும். டெபாசிஷன மைனஸ் 1.0க்கு கொண்டு வாங்க, கேட்மியத்துக்கும் லெட்டுக்கும் அதுவே போதும்.

உரியல, ஆனாலும் குறையுதுன்னா, எலக்ட்ரோட புது பஃபர்ல வச்சு அதே ஸ்டாண்டர்ட திரும்ப ஓட்டுங்க. சிக்னல் திரும்ப வந்தா சொல்யூஷன் பிரச்சன, வரலன்னா எலக்ட்ரோடு மேல ஏதோ படிஞ்சிருக்கு. க்ளீனிங் ஸ்டெப் நீளமாக்குங்க. அதுக்கும் வரலன்னா துடைச்சுட்டு புதுசா பூசுங்க, ஒரு எலக்ட்ரோட உயிரோட வச்சிருக்க ரொம்பப் போராடாதீங்க, பூசறதுக்கு ஒரு மணி நேரம் தான்.

இப்ப முக்கியமான ஒண்ணு. பாஸ்பேட் பஃபர்ல வச்சீங்களா? வச்சிருந்தா அங்கயே முடிஞ்சுது. யூஐஓ-66 2008ல ஆஸ்லோ யுனிவர்சிட்டில வந்தது, தண்ணிக்கும் ஆசிடுக்கும் அது அசைஞ்சு குடுக்காதுன்னு பேர், அது உண்மை தான், ஆனா பாஸ்பேட்ட பார்த்தா ஜிர்கோனியம் அதுங்கூட போய் ஒட்டிக்கும், லிங்கர் வெளில வந்துடும். லெட்டும் பாஸ்பேட்டோட சேர்ந்து படிஞ்சுடும், ரெண்டு பக்கமும் நஷ்டம். பைகார்பனேட் அதிகமா இருக்கற தண்ணியும், பிஎச் 10க்கு மேல போற காரமும் அப்படித் தான். பிபிஎஸ் (பாஸ்பேட் பஃபர்) பாட்டில் பெஞ்சுல பக்கத்துலயே இருக்கறதால கை தானா போகும், தள்ளி வைங்க.

அறிகுறி 5: கேலிப்ரேஷன் கோடு மேல போகப் போக வளையுது

சேச்சுரேஷன். அதிக கான்சன்ட்ரேஷன்ல டெபாசிஷன் நேரத்த பாதியாக்கிப் பாருங்க, பீக்கும் பாதியாகணும், ஆகலன்னா இடம் நிரம்பிடுச்சு. நேரத்தக் குறைங்க, இல்ல ரேஞ்ச சின்னதா வைங்க, அவ்வளவு தான் தீர்வு.

கீழ்ப் பக்கம் வளையுதுன்னா பிளாங்க், அறிகுறி 3க்குப் போங்க.

ஸ்டாண்டர்ட் சேர்க்கச் சேர்க்க வளையுதுன்னா பிஎச்ச அளங்க. 1000 பிபிஎம் ஸ்டாண்டர்டு பாட்டில்ல நைட்ரிக் ஆசிட் இருக்கு, அதுல இருந்து நேரா சேர்த்துட்டே போனா பஃபர் ஒரு கட்டத்துல தாங்காது, பிஎச் இறங்கினதும் அமினோ குரூப் லெட்டப் பிடிக்கறது குறையும்.

இதுல என் மனசுல இருக்கற ஒரு ஆதங்கத்தையும் சொல்லிடறேன். ரேஞ்ச எடுக்கும்போது மைக்ரோமோலார்ல எடுத்து அழகான நேர் கோடு காட்டறாங்க. ஒரு மைக்ரோமோலார் லெட்னா லிட்டருக்கு 207 மைக்ரோகிராம், வரம்பப் போல இருபது மடங்கு. 10 மைக்ரோகிராம்னா 48 நானோமோலார். கேட்மியத்துக்கு வரம்பு 3 மைக்ரோகிராம், அது 27 நானோமோலார். உங்க கோட்டுல கடைசிப் புள்ளியும் முதல் புள்ளியும் இந்த நம்பருக்கு ரெண்டு பக்கமும் இருக்கணும், 3 சிக்மா (பிளாங்க் ரீடிங் ஏற்ற இறக்கத்தோட மூணு மடங்கு) போட்டு கணக்குல கிடைச்ச டிடெக்ஷன் லிமிட் மட்டும் அதுக்குக் கீழ இருந்தா பத்தாது. அந்த அளவுல நிஜமாவே ஸ்பைக் பண்ணி (தெரிஞ்ச அளவு சேர்த்து) ஓட்டிக் காட்டுங்க.

அறிகுறி 6: பஃபர்ல பிரமாதம், போர் தண்ணில ஒண்ணும் வரல

எல்லாருக்கும் வர்றது இது தான், எல்லாரும் தவிர்க்க நினைக்கறதும் இது தான். பொறுமையா பிரிச்சுப் போகணும்.

*தண்ணி எப்படி வந்துச்சு?*

பிளாஸ்டிக் கேன்ல பிடிச்சு ஆசிட் போடாம ரெண்டு நாள் வச்சதுன்னா அதுல லெட் இருந்திருந்தாலும் இப்ப சுவர்லயும் அடியில படிஞ்ச கார்பனேட்லயும் தான் இருக்கும். பிடிச்ச உடனே நைட்ரிக் ஆசிட் சேர்த்து பிஎச் 2க்குக் கீழ கொண்டு வந்து வைக்கணும். ஃபில்டர் பண்ணீங்களா, எப்ப பண்ணீங்க? 0.45 மைக்ரான்ல ஃபில்டர் பண்ணிட்டு ஆசிட் போட்டா கரைஞ்ச லெட் மட்டும் கிடைக்கும், ஆசிட் போட்டுட்டு ஃபில்டர் பண்ணா துகள்ல இருந்ததுல ஒரு பங்கும் சேர்ந்துடும். ரெண்டும் வேற வேற பதில், எது வேணும்னு முதல்லயே முடிவு பண்ணி நோட்ல எழுதுங்க.

*செல்லுக்குள்ள பிஎச் என்ன?*

ஆசிட் போட்ட சேம்பிள் பஃபர்ல கலந்ததும் பிஎச் 3க்கு இறங்கியிருக்கலாம், ஆசிட் போடாத கடினத் தண்ணில பைகார்பனேட் பஃபர மேல இழுத்திருக்கலாம். கலந்த அப்பறம் அளந்து 4.5 - 5க்கு கொண்டு வாங்க. பிஎச் ஸ்ட்ரிப் வேண்டாம், மீட்டர். மீட்டரோட எலக்ட்ரோட செல்லுக்குள்ள விடாதீங்க, தனியா கொஞ்சம் எடுத்து அளந்துட்டு அதக் கொட்டிடுங்க, அதுல இருந்தும் கசியும்.

*பிஎச் சரி, ஸ்பைக் பண்ணாலும் வரலயா?*

அதே தண்ணில தெரிஞ்ச அளவு லெட் சேருங்க. பீக் பஃபர்ல வர்ற உயரத்துக்கு வந்தா, உங்க தண்ணில லெட் இல்ல, அது நல்ல செய்தி, கோளாறு எதுவும் இல்ல. பாதி உயரம் தான் வருதுன்னா தண்ணில இருக்கற ஏதோ ஒண்ணு தடுக்குது. மக்கின இலை, சாக்கடைக் கசிவு கலந்த தண்ணில ஹியூமிக் ஆசிட் மாதிரி ஆர்கானிக் பொருள் லெட்டப் பிடிச்சு வச்சுக்கும், சோப்பு எலக்ட்ரோட மூடிடும். சுலபமான வழி தண்ணிய பத்து மடங்கு டைல்யூட் பண்றது, தடுக்கறதும் சேர்ந்து குறையும், ஆனா லெட்டும் குறையும்ன்றதால டெபாசிஷன் நேரத்தக் கூட்டணும். அடுத்த வழி ஆசிடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் போட்டு டைஜஸ்ட் பண்றது, ஃப்யூம் ஹுட்ல மட்டும். முடிச்சதும் மிச்சம் பெராக்சைடு இல்லாம கொதிக்க வச்சு போக்கிடுங்க, இல்லன்னா அதுவே கரன்ட் குடுக்கும்.

காப்பர் இருந்தா லெட் பீக்க அமுக்கும், பழைய பித்தளைக் குழாய்ல வர்ற தண்ணில கவனிங்க. இதுக்கெல்லாம் நம்பர் எடுக்க கேலிப்ரேஷன் கோட்ட நம்பாதீங்க, ஸ்டாண்டர்ட் அடிஷன் பண்ணுங்க, அதே தண்ணில மூணு தடவை சேர்த்து கோட்ட பின்னாடி நீட்டி விடறது. நேரம் கூட ஆகும் தான், ஆனா போர் தண்ணிக்கு வேற நேர்மையான வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

*எல்லாம் பண்ணியும் ரிக்கவரி (சேர்த்ததுல திரும்பக் கிடைச்ச பங்கு) 80க்கும் 120 சதவீதத்துக்கும் வெளில இருந்தா*

அங்க நிறுத்திட்டு அதே சேம்பிள ஐசிபி-எம்எஸ் (மெட்டல் அளவ துல்லியமா அளக்கற கருவி) இருக்கற சென்டருக்கு அனுப்புங்க. காசு ஆகும், ஆனா அந்த ஒரு நம்பர் இல்லாம உங்க எலக்ட்ரோடு சரியா தப்பான்னு யாராலயும் சொல்ல முடியாது.

அறிகுறி 7: எலக்ட்ரோடுக்கு எலக்ட்ரோடு ரீடிங் மாறுது

சஸ்பென்ஷன எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் குலுக்கறீங்களா? எம்ஓஎஃப் ரெண்டு நிமிஷத்துல அடில உட்கார ஆரம்பிச்சுடும், முதல் எலக்ட்ரோடுக்குக் கெட்டியாவும் கடைசிக்குத் தண்ணியாவும் போகும். பத்து நிமிஷம் சோனிகேட் பண்ணி உடனே எடுங்க. சொட்டு காயும்போது ஓரத்துல வளையமா ஒதுங்கினா எத்தனால் தண்ணி விகிதத்த மாத்துங்க, மேல ஒரு பீக்கர கவிழ்த்து மெதுவா காய விடுங்க. ரொம்ப நேரம் சோனிகேட் பண்றதும் வேண்டாம், தண்ணி சூடாகுது.

அறிகுறி 8: ஃப்ளோரசன்ஸ்ல எதப் போட்டாலும் குவென்ச் ஆகுது (ஒளி அணையுது)

எலக்ட்ரோடு இல்லாம அதே யூஐஓ-66-என்எச்2வ தண்ணில கலக்கி நீல ஒளி குறையறத வச்சு அயன் பார்க்கறவங்களுக்கு இது. அயர்ன் போட்டா உடனே அணையுது, "செலக்டிவ் சென்சார்"னு சந்தோஷம். சந்தோஷப்படறதுக்கு முன்னாடி மூணு செக்.

அயர்ன் சொல்யூஷன மட்டும், எம்ஓஎஃப் இல்லாம, யூவி-விசிபிள்ல ஓட்டுங்க. உங்க எக்சைட்டேஷன் 365 நானோமீட்டர்ல அது எவ்வளவு ஒளிய விழுங்குதுன்னு பாருங்க. அப்சார்பன்ஸ் 0.1க்கு மேல போனா அயர்ன் உங்க எம்ஓஎஃப்ப தொடாமலே வெளிச்சத்த வழிலயே மறிச்சுட்டு இருக்கலாம், அதுக்குப் பேர் இன்னர் ஃபில்டர். எக்சைட்டேஷன், எமிஷன் ரெண்டு இடத்து அப்சார்பன்ஸயும் கூட்டி ரெண்டால வகுத்து, பத்தோட அந்த அடுக்க சிக்னலோட பெருக்கித் திருத்துங்க. திருத்தின அப்பறமும் குறைவு மிச்சமிருந்தா தான் அது நிஜக் குவென்ச்சிங்.

ரெண்டாவது, பிஎச். அயர்ன், அலுமினியம், குரோமியம் நைட்ரேட் உப்பெல்லாம் தண்ணிய அமிலமாக்கும். அதே பிஎச்சுக்கு நைட்ரிக் ஆசிட் மட்டும் போட்டு ஒரு கன்ட்ரோல் ஓட்டுங்க, அதுலயும் அணைஞ்சா உங்க சென்சார் பார்க்கறது ஆசிட.

மூணாவது தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எம்ஓஎஃப்ப சென்ட்ரிஃப்யூஜ் பண்ணி மேல் தண்ணிய மட்டும் எடுத்து, இருட்டுல யூவி டார்ச் அடிங்க. மேல் தண்ணியே நீலமா மின்னுச்சுன்னா லிங்கர் கசிஞ்சிருக்கு. அமினோ டெரெப்தாலிக் ஆசிட், அதாவது அந்த லிங்கர், தனியாவே தண்ணில நல்லா ஒளிரும், நீங்க இத்தன நாளா அதத் தான் அளந்திருப்பீங்க. கழுவறது பத்தலயா, இல்ல எம்ஓஎஃப் உடையுதான்னு பிரிக்க, திரும்ப ரெண்டு மூணு தடவை கழுவி அதே டார்ச் செக் பண்ணுங்க. நின்னுட்டா வெறும் அழுக்கு. கழுவக் கழுவ வந்துட்டே இருந்தா மெட்டீரியலே கரையுது.

416, 417 நானோமீட்டர்ல குட்டியா ஒரு பீக் வந்து எதுக்கும் அசையாம நிக்குதா? 365ல எக்சைட் பண்ணா தண்ணியோட ராமன் அங்க தான் வரும். விட்டுடுங்க.

அறிகுறி 9: மேல சொன்ன எல்லாம் சரி, இப்ப பவுடர் மேல தான் சந்தேகம்

இப்ப தான் எக்ஸ்ஆர்டிக்குப் போகணும். காப்பர் சோர்ஸ்ல 7.4, 8.5 டிகிரி ரெண்டு இடத்துலயும் கூர்மையா பீக் இருக்கணும். பழைய பவுடர், பஃபர்ல ஒரு நாள் ஊறின பவுடர், ரெண்டையும் சேர்த்துக் குடுங்க, ஒண்ணு மட்டும் குடுத்தா பாதிப் பதில் தான் வரும். பீக் அகலமாகி மேடா போயிருந்தா பேட்ச் போச்சு, இல்ல ஊறினதுல உடைஞ்சுது. பீக் நல்லா இருந்தும் சென்சார் மந்தம்னா துளைக்குள்ள டிஎம்எஃப் (எம்ஓஎஃப் செய்ய ஊத்தின சால்வென்ட்) தங்கியிருக்கலாம், ஐஆர்ல 1660 பக்கம் பாருங்க, இருந்தா மெத்தனால் மாத்தி மாத்தி ஊற வச்சு வேக்கம்ல 120 டிகிரி. அதுக்கும் மேல சந்தேகம்னா பிஇடி (மேற்பரப்பு அளவு பார்க்கறது), அது வெளில குடுத்து எடுக்கறது, கிராமுக்கு 1000 சதுர மீட்டர் பக்கம் எதிர்பாருங்க, அதுல பாதிக்குக் கீழன்னா புது பேட்ச்.

புது பேட்ச் போடும்போது ஜிர்கோனியம் குளோரைடு பாட்டில கவனிங்க. அடிக்கடி திறந்து மூடினா ஈரம் இழுத்து கட்டி கட்டியா ஆகும், ஒவ்வொரு பேட்ச்சும் ஒவ்வொரு மாதிரி வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். திறக்கும்போது வர்ற புகை ஹைட்ரஜன் குளோரைடு, ஹுட்டுக்குள்ள தான் திறக்கணும்.

எப்ப வெளில குடுக்கணும்

ரெசிஸ்டர் டெஸ்ட் ஃபெயில்னா சர்வீஸ் இன்ஜினியர். எக்ஸ்ஆர்டி, பிஇடி, ஐசிபி எல்லாம் சென்டருக்கு. சேம்பிள் குடுக்கும்போது ஆசிட் எவ்வளவு போட்டீங்க, ஃபில்டர் முன்னாடியா பின்னாடியா, எதிர்பார்க்கற அளவு என்னன்னு சீட்டுல எழுதிக் குடுங்க, ஐசிபி ஆப்பரேட்டர் அந்த அளவ வச்சுத் தான் டைல்யூட் பண்ணுவாரு, ஜிர்கோனியம் இருந்தா அதையும் சொல்லிடுங்க.

ஊர்க்காரங்க யாராவது பாட்டில்ல தண்ணி கொண்டு வந்து "இதக் குடிக்கலாமா பாருங்க"ன்னு கேட்டா, உங்க எலக்ட்ரோடு எவ்வளவு நல்லா வேலை செஞ்சாலும் அத வச்சு சரி, தப்புன்னு சொல்லாதீங்க. தமிழ்நாட்டுல இருந்தா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேபுக்கு அனுப்புங்க, இல்ல என்ஏபிஎல் அங்கீகாரம் இருக்கற லேப். வேணும்னா அதே தண்ணில கொஞ்சம் நீங்களும் ஓட்டி வச்சுக்கங்க, அவங்க ரிப்போர்ட் வந்ததும் ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க.

வேஸ்ட் பத்தி: லெட், கேட்மியம் கலந்த பஃபர் எதுவும் சிங்க்ல போகக் கூடாது, லேபிள் ஒட்டின தனி கேன், டிஎம்எஃப்புக்கு வேற கேன். எலக்ட்ரோடு துடைச்ச டிஷ்யூவும் அதே லெட் வேஸ்ட் கவர்ல தான் போகணும், சாதா குப்பைத் தொட்டில இல்ல.